வங்கக்கடல் மேலே ஒரு சிவப்பு விளக்கு

ட்ரிங்... ட்ரிங்...

முத்தியால்பேட்டை வீட்டில், கேப்டன் தொப்பியைத் தலையில் வைத்து அழகு பார்த்துக்கொண்டிருந்த துர்கா செல்போனை எடுத்தாள்.

"இன்னிக்கு நீ கடலைத் தாண்டினா... பொணமாத்தான் திரும்புவ!"

தெரியாத நம்பர். கரகரத்த ஆண் குரல்.

"யாருடா நீ?"

லைன் கட்!

புதுச்சேரியிலிருந்து போர்ட் பிளேருக்கு முதல் விமானம். கேப்டனாக அவளுக்கும் இதுதான் முதல் பயணம். எவனோ வயிற்றெரிச்சல் பிடித்த பயல்! போலீசில் சொன்னாள். மோப்ப நாயோடு வந்து விமானத்தைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. பறக்கலாம் என்றார்கள்.

பறந்தாள்!

பாதி வங்கக்கடலில்...

பீப்! பீப்! பீப்!

சிவப்பு விளக்கு. பின்பக்கக் கழிவறையில் புகை!

"ஐயோ... சொன்ன மாதிரியே செஞ்சுட்டான் மேடம்!" கோ-பைலட் பிரேம்குமாரின் குரல் கீச்சிட்டது. "திரும்பிடலாமா?"

"திரும்பினாலும் அதே தூரம், போனாலும் அதே தூரம். போர்ட் பிளேருக்குத் தகவல் சொல்லிட்டு செக்லிஸ்ட்டைப் படி!"

வாய்தான் அதட்டியது. கண் சிவப்பு விளக்கிலேயே இருந்தது. பின்னால் அறுபது உயிர்! நிஜத் தீ என்றால் கரை வரை தாங்காது. கடலில்தான் இறக்க வேண்டும்.

இன்டர்காமில் பணிப்பெண் சுடர்விழியைப் பிடித்தாள்.

"சுடர், கதவைத் திறந்துடாத! புறங்கைய வெச்சுப் பாரு... சூடா இருக்கா?"

"ஜில்லுனு இருக்கு மேடம். ஆனா..."

"இன்னா ஆனா?"

"உள்ள எவனோ முணுமுணுன்னு பேசறான்!"

துர்காவுக்குச் சிலீரென்றது. அவனேதான்!

"தீயணைக்கற சிலிண்டரைக் கையில எடுத்துக்க. மெதுவா திற. புகை இருந்தா அடி... ஆள் இருந்தாலும் அடி!"

தடார்!

"அடிக்காதம்மா! அடிக்காத!"

துர்கா இன்டர்காமில் கத்தினாள்.

"சுடர்! பேசு!"

"தீயே இல்ல மேடம்! ஒரு பெரியவர் மந்திரம் சொல்லி விபூதிய நாலு மூலையிலயும் ஊதிட்டு நிக்கறாரு. புகை சென்சார் வெள்ளை வெளேர்னு இருக்கு!"

சுடர்விழி சென்சாரைத் துடைத்தாள். விளக்கு அணைந்தது. அப்பாடா! துர்கா கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"யாராம் அந்த மகான்?"

"நீங்களே பேசுங்க..."

"கண்ணு... அப்பா பேசறேன்!"

துர்கா துள்ளி விழுந்தாள். கலியமூர்த்தி! மில்லில் உழைத்து அவளைப் பைலட்டுக்குப் படிக்க வைத்த அதே அப்பா!

"நீ எங்கப்பா இங்க?"

"கோரிமேட்டு ஜோசியர் உனக்குக் கடல்ல கண்டம்னுட்டாரும்மா. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெக்கறேன், பூசணிக்கா சுத்தறேன்னு ஏர்போர்ட்ல கெஞ்சினேன். தொரத்திட்டானுங்க! அதான் டிக்கெட் எடுத்து உள்ளயே வந்துட்டேன். பாதிக் கடல்ல விபூதி ஊதினாத்தான் பலிக்குமாம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னா நீ கேட்டுடுவியா? கொல்லையில நின்னு, வாயில கர்சீப்ப அமுக்கிக்கினு, பக்கத்து வீட்டுப் போன்ல மிரட்டியே பார்த்தேன்... கேட்டியா?"

"அந்தப் போன்... நீயா?!"

"பொணம்னு சொல்றப்ப எனக்கே அழுகை வந்துடிச்சு கண்ணு!"

ரேடியோ கரகரத்தது. போர்ட் பிளேர் டவரில் ஒரு தமிழ்க் குரல்.

"மேடம், தீ?"

"தீ இல்ல சார். மிரட்டின ஆளுதான் மாட்டிக்கிச்சு!"

"சபாஷ்! போலீஸ் ரெடியா நிக்குது. ஆள் பேரு?"

துர்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"என் இனிஷியலை விரிச்சு எழுதிக்குங்க சார்!"