முதலில் அகப்பட்ட குரல்

‘குரல்: கிடைத்தது’ என்று கம்ப்யூட்டர் திரையில் வந்தது. அவன் இன்னும் கொடுக்கவே இல்லை. மனைவியின் குரலைப் பதிந்து வைத்திருந்த பென் டிரைவ் சட்டைப்பையில்தான் இருந்தது. தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

மறுபடி ஓடவிட்டான். மறுபடியும் கிடைத்தது என்றது.

தொண்டையில் அறுவை சிகிச்சைக்கு முன்னால் அவள் உட்கார்ந்து பக்கம் பக்கமாக வாசித்துக் கொடுத்த குரல். கட்டியை எடுத்தார்கள், குரலும் அதோடு போயிற்று. எழுதிக் கொடுப்பதைப் பழைய குரலிலேயே பேசிக்காட்டும் நிரல் ஒன்று இணையத்தில் இலவசமாகக் கிடந்தது. விண்டோஸுக்குத்தான் யாரும் தயார் செய்து வைக்கவில்லை, நாமே கம்பைல் செய்து ஓடும்படி ஆக்கிக்கொள்ள வேண்டுமாம். அதற்கு லைப்ரரி என்று ஒரு துணை நிரல் வேண்டும், அந்த லைப்ரரிக்கு இன்னொன்று, அந்த இன்னொன்றுக்கு எந்தக் காலத்துக் கம்பைலரோ. இதைக் கொடுத்தால் அதைக் கொண்டா என்று நாலு நாளாக உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. அவளோ எழுதுவதையே விட்டுவிட்டாள். சிலேட்டை நீட்டினால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். இப்படியே விட்டால் அவள் கையை விட்டுப் போய்விடுவாள் என்று பட்டது.

ஆபீஸ் நண்பன் சோடாபுட்டிக்குப் போன் போட்டான்.

“பழைய ஃபைல் ஏதாவது கிடக்கும்டா. அது வரிசையா தேடிட்டு வரும். முதல்ல எது மாட்டுதோ அதோட நிறுத்திக்கும். அப்புறம் நீ தங்கத்தையே கொடுத்தாலும் ஏறெடுத்துப் பாக்காது.”

“புது மெஷின்டா இது. பழசு எங்கேருந்து வரும்?”

“எங்கேருந்து எடுக்குதுன்னு பாரு. பாத்துட்டு அதைத் தூக்கிப் போடு. அதை வச்சுக்கிட்டு மட்டும் மேல போயிடாத.”

பார்த்தான். ‘இடம்’ என்று போட்டிருந்ததற்கு எதிரே ஒன்றுமே இல்லை, வெற்றிடம். ‘இதையே எடுத்துக்கொள்ளவா?’ என்று கேட்டுக்கொண்டு நின்றது. எது எப்படிப் போனால் என்ன, ஓடித் தொலைத்தால் போதும். ஆம் என்று தட்டினான்.

கம்ப்யூட்டரின் விசிறி இரைந்தது. மதிய வெயில் உள்ளே வராமல் இழுத்துவிட்ட திரைச்சீலைகளின் புழுக்கத்தில் மருந்து வாடையும் சூடேறிய தூசி வாடையும் ஒன்றாகக் கலந்து வர, திரையில் எழுத்துகள் மளமளவென்று மேலேறி ஓட, அவன் கால் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருந்தது.

“என்னங்க.”

சமையலறையிலிருந்து வந்தது. அவள் குரல்தான், காலையில் எழுந்ததும் கொஞ்சம் கரகரக்குமே, அதே கரகரப்பு. அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“ம், சொல்லும்மா” என்றான்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. ஸ்பீக்கரே இன்னும் மாட்டவில்லை.

“எவ்வளவு நேரமா கூப்பிடுறேன். இப்பதான் காது கேட்டுச்சா?”

இதை அவள் வாசித்துக் கொடுக்கவில்லை.

படுக்கையறையிலிருந்து டொக் டொக்கென்று சத்தம். மனைவி கட்டில் சட்டத்தைத் தட்டுகிறாள். அவனைக் கூப்பிட அவளுக்கு இருக்கும் ஒரே வழி. அவளுக்கும் கேட்டிருக்கிறது.

வயரைப் பிடுங்கினான். விசிறி நின்றது. திரை கறுத்தது.

“அங்க என்னங்க பண்றீங்க?”

பாத்திரம் ஒன்று நகர்ந்தது. பிறகு காலடி. ஈரக்காலடி. நடைவழியில்.

ஓடினான். படுக்கையறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டான். மனைவி எழுந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்துக் கட்டு ஏறி இறங்கியது. அவள் கையை இறுகப் பற்றினான். சில்லென்றிருந்தது.

“ஒண்ணுமில்லம்மா. ஒண்ணுமில்ல.”

காலடி கதவுக்கு வந்தது. நிற்கவில்லை.

“யாருங்க இது, நம்ம கட்டில்ல?”

குரல் அறைக்குள் இருந்தது.

மெத்தையின் மறுபக்கம் அமுங்கியது. மெதுவாக. யாரோ சாவகாசமாக உட்காருவதுபோல. மனைவி அந்தப் பள்ளத்தின் பக்கம் சாய்ந்தாள்.

“எந்திரிக்கச் சொல்லுங்க அவளை. என்கிட்டதானே முதல்ல பேசுனீங்க.”

மனைவி வாய் திறந்து கத்தினாள். வெறும் காற்று.

அவள் கையைப் பற்றியிருந்த அவன் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. அவன் விரிக்கவில்லை.