கழற்றி மாட்டும் சாய்மானம்

எந்நேரமும் பேசிக்கொண்டே இருப்பதால் அவளுக்குச் சில்வண்டு என்று பெயர். வைத்தவள் அக்கா.

அந்த அக்கா மூன்று மாதமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. மாடிப்படியில் வழுக்கி விழுந்ததில் இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. இப்போது எழுந்து நடக்கிறாள்.

"எலும்பு நல்லா சேர்ந்துடுச்சு. திங்கட்கிழமையிலேர்ந்து ஸ்கூல் போகலாம்" என்றார் டாக்டர். "ஆனா வண்டியில போறப்ப முதுகு அசந்து போகாம சாஞ்சுக்க ஏதாவது வேணும்."

வீட்டில் இருந்தது ஒரே வண்டி, அம்மாவின் மோட்டார் சைக்கிள். அதன் பின்பக்கத்தில் முட்டைப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அம்மா கடை கடையாகப் போய்க் கொடுப்பார்.

தெருமுனை வெல்டிங் கடைக்காரர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"சாய்மானம் வச்சுப் பத்த வச்சுடலாம். ஆனா அப்புறம் முட்டைப் பெட்டி உக்காராது."

"ரெண்டும் வேணுமேண்ணே" என்றார் அம்மா.

"ஒண்ணு முட்டை, இல்லைன்னா உங்க பொண்ணு. யோசிச்சுச் சொல்லுங்க."

இதைக் கேட்டு அக்கா சிரித்தாள். "முட்டைதான் நமக்குச் சோறு போடுது. நான் இன்னும் கொஞ்ச நாள் வீட்டுலயே படிச்சுக்கறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் பையில் அடுக்கியிருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள்.

மறுநாள் சில்வண்டின் பள்ளி மைதானத்தில் விளையாட்டு ஆசிரியர் வாலிபால் கம்பங்களை அகற்றிக்கொண்டிருந்தார். தரையில் ஒரு குழாய் புதைந்திருந்தது. கம்பம் அதற்குள் இறங்கி நின்றது. குறுக்கே செருகியிருந்த கம்பியை உருவியதும் கம்பம் மேலே வந்துவிட்டது.

"சார், இது ஆடாதா?" என்று கேட்டாள் சில்வண்டு.

"முழங்கை ஆழத்துக்கு உள்ள போகுது. எப்படி ஆடும்?"

சில்வண்டு நின்று பார்த்தாள். பள்ளி விட்டதும் நேராக வெல்டிங் கடைக்குப் போய், சாக்பீஸால் தரையில் படம் போட்டாள்.

"கேரியர்ல ரெண்டு பக்கமும் ஒரு சின்னக் குழாய், மாமா. அது அங்கேயே இருக்கட்டும். சாய்மானத்துக்கு ரெண்டு கால். காலைக் குழாய்க்குள்ள இறக்கி, குறுக்க ஒரு பின் போட்டுடலாம். அம்மா முட்டைக்குப் போறப்ப உருவிடலாம்."

கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "இது ஏன் எனக்குத் தோணலை?"

"உங்க கடையில வாலிபால் இல்லையே."

அவர் சிரித்தபடி டேப்பை எடுத்தார். "சரி, எல்லா வண்டிக்கும் போடற உயரத்துக்கே போட்டுடறேன்."

"வேண்டாம் மாமா. முதுகு அக்காவோடது. எந்த இடத்துல தாங்கணும்னு அவளைத்தான் கேக்கணும்."

அக்கா வந்து, ஸ்டாண்டு போட்ட வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். சில்வண்டு அவள் முதுகில் உள்ளங்கையை வைத்துத் தாங்கினாள்.

"இங்கயா?"

"இன்னும் மேல."

"இங்க?"

"இன்னும் கொஞ்சம். ம், அங்கதான்."

சீட்டிலிருந்து தங்கையின் கைவரைக்கும் கடைக்காரர் அளந்து எழுதிக்கொண்டார்.

சனிக்கிழமை சாய்மானம் தயாரானது. கறுப்பு மெத்தை, இரண்டு இரும்புக் கால்கள். இரண்டு பின்களும் நழுவிவிடாமல் இருக்க அவற்றின் முனையில் வளையம். அம்மா வண்டியை ஓட்டிப் பார்த்தார். தெரு முழுக்கக் கடகடவென்று சத்தம்.

"என்னடி இது, தகர டப்பாவைக் கட்டி இழுக்கற மாதிரி இருக்கு?" என்றாள் அக்கா.

சில்வண்டு குனிந்து பார்த்தாள். குழாய்க்கும் காலுக்கும் நடுவே ஒரு நூல் அளவு இடைவெளி. அவள் எதிரே இருந்த பஞ்சர் கடைக்கு ஓடி, ஒரு பழைய சைக்கிள் டியூபோடு திரும்பி வந்தாள். அதைப் பட்டையாக வெட்டிக் கால்களில் இறுக்கமாகச் சுற்றினாள். கடைக்காரர் கால்களை மறுபடி குழாய்க்குள் தட்டி இறக்கினார்.

இப்போது சத்தம் இல்லை.

"இருங்க, முதல்ல நான் உக்காந்து பாக்கறேன்" என்று கடைக்காரர் ஏறி உட்கார்ந்து, தன் பெரிய உடம்பை முழுசாகப் பின்னால் சாய்த்தார். வண்டிதான் முனகியது. சாய்மானம் அசையவில்லை.

"நானே சாஞ்சாச்சு. இனிமே யானையையும் கூட்டிட்டுப் போகலாம்" என்றார்.

திங்கட்கிழமை அம்மாவின் பின்னால் அக்கா நிம்மதியாகச் சாய்ந்துகொண்டு போனாள். பள்ளி வாசலில் அம்மா இரண்டு பின்களையும் உருவி, சாய்மானத்தைக் கழற்றி வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு முட்டை வாங்கப் புறப்பட்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சில்வண்டு கேட்டாள். "வலிச்சுதா அக்கா?"

"துளிகூட இல்லை. ஆனா அந்த வாட்ச்மேன்கிட்டயிருந்து திருப்பி வாங்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. பகலெல்லாம் அதை முக்காலிக்குப் பின்னால சுவத்துல சாச்சு வச்சு உக்காந்திருந்தாராம். அவருக்கும் ஒண்ணு வேணுமாம்."

"அந்த முக்காலி வட்டமா, சதுரமா?" என்று கேட்டபடியே சில்வண்டு பென்சிலைச் சீவ ஆரம்பித்தாள்.