கரியா... சாம்பலா?

"ஐயோ... சா...ர்!"

கல்லூரி ஆராய்ச்சிக்கூடத்தின் மூன்றாவது மாடியில் கிளம்பிய அந்த அலறல், கீழே ஸ்கூட்டர் நிறுத்தும் இடம் வரைக்கும் கேட்டது.

உலை அறையின் கதவை உடைத்துத் திறந்திருந்தார்கள்.

உள்ளே, சாய்வு நாற்காலியில் பேராசிரியர். மதியச் சாப்பாடு முடிந்ததும் அங்கே தாழ் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் தூங்குவது அவர் வழக்கம். அந்த மாடியில் ஏசி இருப்பது அந்தக் குட்டி அறையில் மட்டும்தான்!

இன்று எழுந்திருக்கவில்லை.

இனி எழுந்திருக்கவும் மாட்டார்!

அலறியவள் அவருடைய ஆராய்ச்சி மாணவி. சுவரைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்தாள்.

அரை மணியில் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். உடம்பைப் பார்த்தார். காயமில்லை. ரத்தமில்லை. உலையின் பின்பக்கம் ஒரு ரப்பர் குழாய் மட்டும் கழன்று, அனாதையாகத் தரையில் கிடந்தது.

"இது என்னய்யா?"

பதில் சொன்னவர் உலையைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர். இருபது வருஷமாகக் கரியோடு புழங்குவதால் அவரை எல்லோரும் கரிமாமா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நைட்ரஜன் குழாய் சார். சிலிண்டர் வெளியே வராந்தாவுல இருக்கு. அங்கேருந்து சுவர் வழியா வந்து உலைக்குள்ள போகணும். கழண்டதால வாயு பூரா ரூம்ல நிறைஞ்சிருக்கு."

"விஷமா?"

"விஷமே இல்ல சார். நாம இழுக்கற காத்துல முக்காவாசி அதுதான். ஆனா அது மட்டுமே இருந்தா மூச்சுக்கு ஒண்ணும் இல்ல. வாசனை கிடையாது... இருமல் வராது. தூங்கறவங்க அப்படியே போயிடுவாங்க."

"அப்படி எதை வேக வைக்கிறீங்க இதுல?"

"பழத்தோல் சார்."

இன்ஸ்பெக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"பழத்தோலை எரிக்க ஒரு தீப்பெட்டி போதாதா?"

"எரிக்கக் கூடாது சார்! கரியாக்கணும். ஜூஸ் கடைக் குப்பையில கிடக்கற மாதுளைத் தோல். காய வச்சு, பொடிச்சு, மருந்து கலந்து எண்ணூறு டிகிரில வச்சா கண்ணுக்குத் தெரியாத ஓட்டைங்களோட ஒரு கரி கிடைக்கும். அது கரன்ட்டைப் பிடிச்சு வச்சுக்கும், பேட்டரி மாதிரி. நைட்ரஜன் ஓடினா கரி. ஓடலைன்னா, காத்து பட்டு எரிஞ்சு சாம்பல்!"

செல்போன் கத்தியது. மேலதிகாரி.

"என்னய்யா, விபத்துதானே? ஆறு மணிக்குள்ள ரிப்போர்ட் என் மேஜைக்கு வரணும்!"

"சார், இன்னும் விசாரிக்க..."

லைன் செத்துப் போனது.

இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்தார். எந்தக் கேஸிலும் அவரை முழுசாக யோசிக்க விட்டதில்லை!

ஏட்டு காகிதத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார். குழாயை இறுக்கும் க்ளிப் கழன்றது. க்ளிப்புக்குப் பொறுப்பு உலை ஊழியர். மரணத்துக்குக் காரணம், அவருடைய கவனக்குறைவு.

கரிமாமாவின் முகம் வெளுத்தது.

"சார்! நேத்துதான் புது க்ளிப் போட்டேன். ஸ்க்ரூ டிரைவர் வச்சு முறுக்கினேன். தானா கழலாது சார்!"

"சாட்சி?"

"நான் மட்டும்தான் சார் இருந்தேன்..."

"அப்ப யாருய்யா நம்புவா?"

"வேலை போறதை விடுங்க... ஜெயிலுக்குப் போனா என் பொண்டாட்டிக்கு யார் சார் இருக்கா?"

கிழவர் பொய் சொல்வதாக இன்ஸ்பெக்டருக்குத் தோன்றவில்லை. என்ன செய்ய? தோன்றுவதை எல்லாம் ரிப்போர்ட்டில் எழுத முடியாதே!

"சார்..."

ஆராய்ச்சி மாணவி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"என் சாம்பிள் உலைக்குள்ள இருக்கு. அறையை எப்ப சார் விடுவீங்க?"

"விடறோம்மா."

பத்து நிமிஷம் கழித்து மறுபடி வந்தாள். அப்புறம் மறுபடி. நான்காம் தடவை இன்ஸ்பெக்டர் வெடித்தார்.

"ஏம்மா! குரு செத்துக் கிடக்கார். உங்களுக்குப் பொடிதான் பெரிசா?"

"நாலு வருஷம் சார்!" அவளும் வெடித்தாள். "அழுகின தோலையும் ஈயையும் கட்டிக்கிட்டு நாலு வருஷம்! நாப்பத்தோரு தடவை தோத்தேன். நாப்பத்திரண்டாவது தோல்லதான் கரன்ட் தங்குச்சு. அதுல மிச்சம் இருந்தது பத்தே கிராம்!"

"வேற தோல்ல பண்ண வேண்டியதுதானே?"

"வரலை சார்! எத்தனை கடைத் தோல் வாங்கினாலும் அது மாதிரி வரலை. அந்த ஜூஸ் கடையையும் இடிச்சுட்டாங்க. நீங்கெல்லாம் போனப்புறம் நான் மட்டும் திறந்து எடுத்துக்கறேன்... ப்ளீஸ்!"

கரிமாமாவுக்கே மனசு கேட்கவில்லை. தன் தலைமேல் கத்தி தொங்கும்போதும் அவளுக்காகப் பரிந்து பேசினார்.

"பாவம் சார், பாப்பா. அவளோட தோல் மூட்டையெல்லாம் நான்தான் ஸ்கூட்டர்ல சுமந்தேன். அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும். சூட்டோட திறந்தா உள்ளே இருக்கறது பத்திக்கும். ஃபேனை வைக்கிறேன், நூறுக்குக் கீழ வரட்டும்."

உலையின் சிவப்பு எண்கள் இறங்கின.

410...

260...

145...

95...

பிணத்தை எடுத்துப் போய்விட்டார்கள். மணி ஐந்தே முக்கால். கையெழுத்துதான் பாக்கி. போன் மூன்று தடவை அடித்துவிட்டது. மாணவி எட்டாவது தடவையாக வாசலில் வந்து நின்றாள்.

இன்ஸ்பெக்டர் தலையில் கை வைத்தார்.

"கரிமாமா! திறய்யா அதை! அந்தப் பொடியை ஒரு டப்பாவுல போட்டு இவங்க கையில குடு. நான் நிம்மதியாக் கையெழுத்துப் போடணும்!"

"வேண்டாம்!"

அவள் கத்திய கத்தலில் ஏட்டின் பேனா கீழே விழுந்தது.

"இப்ப வேண்டாம் சார். நான் தனியா..."

"மதியத்திலேருந்து எடுக்கணும் எடுக்கணும்னு என் உயிரை வாங்கினது நீங்கதானேம்மா?"

"அது... காத்து பட்டா கெட்டுடும் சார்..."

"சூடு ஆறிடுச்சு பாப்பா. இனி ஒண்ணும் ஆகாது" என்று சமாதானம் சொல்லியபடியே கரிமாமா மூடியைக் கழற்றினார். நீளக் கம்பியை உள்ளே விட்டு, பீங்கான் கிண்ணத்தை மெல்ல இழுத்தார்.

இழுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

கிண்ணம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"என்னய்யா... கரியா? சாம்பலா?"

"ரெண்டும் இல்ல சார்..." அவர் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினார். "கரின்னாலும் மிஞ்சும், சாம்பல்னாலும் மிஞ்சும். இதுல எதுவுமே வைக்கலை!"

இன்ஸ்பெக்டர் பதிவேட்டைப் பிரித்தார். காலை பதினொரு மணி. 'பத்து கிராம் வைத்தேன். நைட்ரஜன் திறந்தேன்.' கீழே மாணவியின் கையெழுத்து.

"வைக்காமலே வச்சேன்னு எழுதியிருக்கீங்க. உள்ளே நைட்ரஜன் வராது, காத்துதான் இருக்கும்... வச்சா பொடி எரிஞ்சுடும்னு உங்களுக்குக் காலையிலேயே தெரிஞ்சிருக்கு. எப்படிம்மா?"

அவள் தோளில் தொங்கிய கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டு! அந்தக் கைப்பையைத் திற!"

பைக்குள், கைக்குட்டையில் சுற்றிய கண்ணாடிக் குப்பி. பத்திரமாகப் பத்து கிராம். மேலே அவள் கையாலேயே எழுதிய எண் 42.

"குழாயைக் காலையிலேயே கழட்டிட்டீங்க. அவர் தூங்கினதும் வராந்தாவுல சிலிண்டரைத் திறந்தீங்க. நாங்க போனதும் கிண்ணத்தை மறைச்சுட்டா கதை முடிஞ்சுது... அப்படித்தானே?"

அவள் உடைந்து போனாள்.

"கண்டுபிடிப்பை அவர் பேர்ல பதிவு பண்ணிட்டார் சார்! நாலு வருஷ உழைப்பு! எனக்குக் கடைசிப் பக்கத்துல நன்றின்னு ஒரே ஒரு வரி!"

"எனக்கு அந்த ஒரு வரிகூட இல்லையே பாப்பா..." என்றார் கரிமாமா. "என்னையே உள்ளே தள்ளப் பார்த்துட்டியே."

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்ஸ்பெக்டர் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"ஆளைக் கொல்ல மனசு வந்துச்சு. பத்து கிராம் தோலை எரிக்க மனசு வரலை!"

ஏட்டு தயங்கித் தயங்கி முன்னே வந்தார்.

"சார்... ரிப்போர்ட்ல கவனக்குறைவால மரணம்னு எழுதியாச்சே. கிழிச்சுடட்டா?"

"மரணத்தை மட்டும் கொலைன்னு மாத்துய்யா! கவனக்குறைவு அப்படியே இருக்கட்டும்... கிண்ணத்துல ஒரு சிட்டிகை சாம்பலைக்கூடப் போட்டு வைக்காம விட்டாங்களே! கரிமாமா பேரை எடுத்துட்டு, இந்தம்மா பேரைப் போடு!"