ஏழாம் ஆணி

ஏழாம் ஆணியில் இரண்டு பித்தளை டோக்கன்கள் தொங்கின.

தேதிக்காரிக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். காலையில் பலகையைத் துடைத்தபோது அங்கே ஒன்றுதான் இருந்தது. இப்போது அதன்மேல் இன்னொன்று, அதே எண், விளிம்பெல்லாம் சேறு அப்பி, சொட்டுச் சொட்டாகத் தரையில் நீர் வடித்துக்கொண்டிருந்தது. யார் இந்த விளையாட்டு விளையாடுவது என்று பல்லைக் கடித்தாள். விளையாடுவதற்கு அந்த நேரத்தில் அந்த அலுவலகத்தில் அவளைத் தவிர ஆளே கிடையாது என்பது அப்புறம்தான் உறைத்தது.

எந்த வாரம் மலை ஏறலாம், எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எத்தனை மணிக்குள் இறங்கிவிட வேண்டும் என்று நாள் குறித்துக் கொடுப்பது அவள் வேலை. அதனால் வந்த பெயர். மலை என்னவோ பார்க்கச் சாதுதான். படுத்து அசைபோடுகிற மாடு மாதிரி கிடக்கும். அதை நம்பித்தான் எல்லாரும் ஏமாந்து போகிறார்கள். உச்சிக்குக் கீழே ஒரு இடுக்கு இருக்கிறது. குளிர்காலம் முழுக்க அங்கிருக்கும் கற்களைப் பனி இறுக்கிப் பிடித்திருக்கும். குளிர் விட்டுப்போய் ராத்திரியிலும் உறையாமல் போனால், வெயில் பட்டதும் அத்தனையும் கழன்று உருள ஆரம்பிக்கும். மூன்று இரவுகளாக உறையவில்லை. இனி யாரும் ஏறக் கூடாது என்று சிவப்பு மையில் எழுதி மேலாளர் மேசையில் வைத்தாள்.

அந்த மகானுபாவர் அதன்மேல் காப்பிக் கோப்பையை வைத்துக்கொண்டே அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ஊருக்குக் கிளம்பிப் போனார். அழைத்துக்கொண்டு போன வழிகாட்டி வேறு யாருமில்லை, அவள் கூடப் பிறந்த தம்பி. ஆள் உயரத்தை வைத்து எல்லாரும் அவனைக் குட்டை என்பார்கள். மலை ஏற வந்திருந்த மூன்று பேரும் ஆற அமரத் தூங்கி எழுந்து, சாப்பிட்டு, எட்டு மணிக்குத்தான் புறப்பட்டார்கள். அந்த நேரத்துக்கு அவர்கள் இடுக்கைத் தாண்டியிருக்க வேண்டும். அவள் கத்தியதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"நீ தேதிய எழுதுக்கா, மலைய நான் பாத்துக்கறேன்," என்றான் தம்பி. ஒன்று முதல் நான்கு வரை டோக்கன்களைக் கழற்றினான். மற்றவர்கள் பையில் போட்டுக்கொள்ள, இவன் மட்டும் வழக்கம்போல் நாலாம் எண்ணின் கம்பி வளையத்தை மோதிரம் மாதிரி விரலில் மாட்டிக்கொண்டு நடந்தான். அந்த அலட்சியத்தைப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பன்னிரண்டு மணிக்கு வாக்கிடாக்கியில், கல் விழுகிறது, இடுக்கிலேயே ஒரு பாறைக்கு அடியில் ஒதுங்கியிருக்கிறோம் என்றான். குரலில் சிரிப்பு இல்லை. அதற்குப் பிறகு பேச்சே இல்லை. இப்போது மணி மூன்று. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி கீழிறங்கி, வாசல் விளக்குக் கம்பத்தை விழுங்கி, படிக்கட்டை விழுங்கி, கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொண்டு நின்றது. அறைக்குள் ஈரக் கம்பளியின் வாடை. அவளிடம் கம்பளி கிடையாது. அதனோடு கலந்து, பல நாள் மூடிக் கிடந்த கிணற்றைத் திறந்தாற்போல் ஒரு பழைய, குளிர்ந்த வாடை.

தம்பியும் மூன்று பேரும் மேலே மாட்டிக்கொண்டதை ஏற்கெனவே சொல்லியிருந்த மீட்புக் குழுவை அவள் மறுபடி அழைத்தாள். அதன் தலைவர் இந்த மாதம்தான் வேலைக்கு வந்தவர், அங்கே யாரையும் முகம் பார்த்துப் பழகாதவர். வண்டி கிளம்பிவிட்டது, பாதி வழியில் இருக்கிறோம் என்றார். உள்பக்கம் வாசலுக்கு மேலே இருக்கும் கேமரா வழியாகப் பலகையைத் தன் கைபேசியிலேயே பார்ப்பதாகவும் சொன்னார். மலைக்குப் போகிறவன் டோக்கனைக் கழற்றுவான், இறங்கியவன் மாட்டுவான். டோக்கன் ஆணியில் இருந்தால் ஆள் கீழே இருக்கிறான், தேட வேண்டியதில்லை. முப்பது வருஷமாக அதுதான் சட்டம்.

"ஒண்ணாம் நம்பர் தொங்குதே மேடம்," என்றார் அவர்.

திரும்பினாள். தொங்கியது. மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. சேற்றுத் தண்ணீர்.

யாரும் வரவில்லை என்றாள். கதவு திறக்கவே இல்லை என்றாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே முதுகுக்குப் பின்னால் தரைப் பலகை கிறீச்சிட்டது. அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்ட ஒரு கணம்தான். நிமிர்ந்தபோது இரண்டாம் ஆணியிலும் பித்தளை.

"ரெண்டும் வந்தாச்சு. ஆள் வராம டோக்கன் எப்படி மேடம் வரும்?"

எப்படி வரும் என்று அவளுக்குத் தெரியும். உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

போன வருஷம் மலை மூடும் நாள். கட்டியிருந்த கயிறுகளை அவிழ்த்துக் கொண்டுவரச் சுமைக்காரன் நெட்டை கம்பளியைப் போர்த்திக்கொண்டு போயிருந்தான். பொழுது சாய்ந்தும் ஏழாம் ஆணி காலியாக இருந்தது. டோக்கனைப் பையில் போட்டுக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய்விடுவது அவன் வழக்கம். மூன்று தடவை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறாள். அன்றைக்கும் அதேதான் என்று கொதித்தாள். இவன் ஒருத்தனுக்காக நான் காத்துக் கிடக்க வேண்டுமா என்று இழுப்பறையிலிருந்த மாற்று டோக்கனை எடுத்து ஏழில் மாட்டி, பதிவேட்டை மூடி, பூட்டிக்கொண்டு போய்விட்டாள். நான்காம் நாள் அவன் மனைவி வந்து வாசலில் நின்றாள். அவர் டோக்கனை மாட்டிவிட்டுத்தான் போனார் என்று சொன்னாள் தேதிக்காரி. கண் இமைக்காமல் சொன்னாள். அப்புறம் ஊரே நெட்டை வீட்டை விட்டு ஓடிப்போனான் என்றது. யாரும் இடுக்கில் தேடவில்லை. அந்தப் பழியில் அவனுடைய பிள்ளைகள் தலைகுனிந்து நடப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் வேலைக்கு வந்தாள். அப்போதும் அவளுக்கு அவன்மேல்தான் கோபம்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

சொல்லிவிட வேண்டும். டோக்கன் பொய் சொல்லும், நானே மாட்டினேன் என்று ஒரே வாக்கியம். வேலை போகும். ஜெயில்கூட வரலாம். தம்பி பிழைப்பான். அவள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். ஏன்டா கேட்கவில்லை, சொன்னபோதே ஏன்டா கேட்கவில்லை என்று தம்பிமேல்தான் ஆத்திரம் பொங்கியது.

டிங்.

மூன்று.

அவள் பாய்ந்தாள். நாலாம் ஆணியை வலது உள்ளங்கையால் அப்படியே மூடினாள். ஆணி முனை சதையில் குத்தியது. அழுத்தினாள். இதை விடமாட்டேன். இதில் மாட்ட விடமாட்டேன். முகத்துக்கு நேரே பலகை. பின்கழுத்தில் குளிர். கம்பளி வாடை, மிக அருகில்.

"கேளுங்க," என்றாள் போனில். "போன வருஷம் ஏழாம் நம்பர... அத நான்தான்..."

"அட, அதான் கடைசி ஆளும் வந்துட்டாரே," என்றார் அவர் நிம்மதியாக. "உங்க பின்னாடி நல்லா நெட்டையா நிக்கிறாரே, அவர்தானே உங்க தம்பி? கையில டோக்கன் கூட இருக்கு. சரி மேடம், ரோடு மோசமா இருக்கு. நாங்க திரும்பறோம்."

இணைப்பு அறுந்தது.

வாக்கிடாக்கி ஒருமுறை கரகரத்தது. "அக்கா," என்றது. அவ்வளவுதான்.

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டு வந்தது. தோல் ஊறிப்போய் வெளுத்திருந்தது, நகங்களில் சேறு. ஆணியை மூடியிருந்த அவள் விரல்களை, அவசரமே இல்லாமல், ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தது. மோதிர விரலை மட்டும் பிரித்துத் தூக்கியது. அந்தக் கை பனிக்கட்டியாகச் சில்லிட்டிருந்தது.

நாலாம் எண் வளையம் அவள் விரலில் அடிவரை இறங்கியது. அது இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.