கண்ணாடியில் நிற்காத கேமரா

காரின் முன்கண்ணாடியில் ஒட்டிய கேமரா மறுபடியும் கழன்று டேஷ்போர்டில் விழுந்தது. மரியநாதன் அதன் ரப்பர் கப்பைத் திருப்பிப் பார்த்தான். அதில் கோளாறு ஒன்றுமில்லை. கார்க் கண்ணாடியில்தான் எண்ணெய்ப் பிசுக்கு.

“டேப் போட்டு ஒட்டுறத வாங்கு லா தம்பி, இந்த ரப்பர் கப்பு வெயில்ல நிக்காது” என்று கடைக்கார மணியம் அப்போதே சொன்னார். கம்பெனி வேனுக்கும் கழற்றி மாட்டிக்கொள்ளலாம் என்று இவன்தான் கேட்காமல் இதை வாங்கிவந்தான்.

“இன்னும் முடியலையாங்க?” மனைவி ஆட்ரி வாசலிலிருந்து கேட்டாள். “சர்ச் கொயருக்கு நேரமாச்சு. கேமரா இல்லாம நான் வண்டியத் தொட மாட்டேன்.”

போன வாரம் மாசாய் சிக்னலில் மோட்டார் சைக்கிள்காரன் ஒருவன் தானே வந்து இடித்துவிட்டு, பழியை அவள்மேல் போட்டுக் கூட்டம் சேர்த்துவிட்டான். பின் சீட்டில் மகள் அபிகெயில் அழுதிருக்கிறாள். அன்றிலிருந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தாலே ஆட்ரிக்குக் கை நடுங்கியது.

“ஒட்டுனாத்தானே? கண்ணாடியில என்னத்தத் தேச்சு வச்சிருக்க?”

“ஃபாதர் மந்திரிச்ச எண்ணெய்ங்க. செகண்ட் ஹேண்ட் வண்டி, முன்ன யாரு வச்சிருந்தாங்களோன்னு சிலுவ போட்டேன்.”

“அலமாக்! அத சரியா கேமரா வைக்கிற எடத்துலயா போடுவ?”

“அழிக்காதீங்க...”

“அப்புறம் வெளிப்பக்கம் போட்டுக்க, போ.”

சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, ஸ்பிரிட் போட்டு, கண்ணாடி கீச்சிடும்வரை எரிச்சலோடு தேய்த்தான். சிலுவை போய்விட்டது. ரப்பர் கப்பை வைத்து அழுத்தினான். கல் மாதிரி நின்றது.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சூராவ் தொழுகைக்கூடத்தின் பக்கமிருந்து பாங்கு ஒலி வந்தது. தொழிற்சாலைகள் இருக்கும் திசையிலிருந்து வீசிய சூடான காற்றில் செம்பனை எண்ணெய் வாடை வந்துகொண்டிருக்க, அதற்கு அடியில், காருக்குள்ளிருந்து, பல நாள் மூடிக்கிடந்த அறையைத் திறந்தாற்போல வேறொரு வாடையும் மெல்லக் கசிந்துகொண்டிருந்தது. ஸ்பிரிட்டாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

ஆட்ரியும், பின் சீட்டில் மகளும் ஏறிக்கொண்டார்கள். கதவுகள் தானாகப் பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. படம் சரியாக வருகிறதா என்று பார்க்க, கேட்டருகே போய் நின்று போனைத் திறந்தான். கேமரா பார்ப்பது போனில் தெரிந்தது: கேட், தெருவிளக்கு, போனும் கையுமாக அவன்.

“ஓகே, வருது!” என்று கத்தினான்.

படத்தின் ஓரம் இருண்டது. விரலால் போனைத் துடைத்தான். இருட்டு போகவில்லை. நடுவுக்கு வந்தது. இழை இழையாக இருந்தது.

தலைமுடி.

காரில் பேசுவது போனில் சன்னமாகக் கேட்டது. அபிகெயிலின் குரல். மரியாதையான குரல்.

“ஆண்ட்டி, கொஞ்சம் தள்ளுங்க. மம்மிக்கு ரோடு தெரியல.”

ஆட்ரியின் மூச்சு மட்டும் கேட்டது. விட்டு விட்டு.

நிமிர்ந்தான்.

முன் கண்ணாடியில், உட்பக்கமாக, ஒரு பின்மண்டை அழுந்தியிருந்தது. ஈர முடி கண்ணாடி முழுக்க அப்பிக்கிடந்தது. முகம் உள்ளே. ஆட்ரிக்கு நேரெதிரே.

ஓடினான். கைப்பிடியை இழுத்தான். திறக்கவில்லை. கண்ணாடியை அறைந்தான்.

“ஆட்ரி! தொற! தொறடி!”

அவள் கைகள் ஸ்டீயரிங்கில். நடுங்கவே இல்லை.

கார் நகர்ந்தது. கேட்டைத் தாண்டியது.

உள்ளே அந்தத் தலை கண்ணாடியை விட்டு மெல்லப் பிரிந்து, பின் சீட்டை நோக்கிக் குனிந்தது.