மேல் வரிசை, நடுத்துண்டு

மழை ஓய்ந்த பிறகு அன்றுதான் கயல் மந்தைவெளி போஸ்டர் கடைக்கு வேலைக்கு வந்தாள். ஷட்டர் பாதி ஏறியிருந்தது. உள்ளே பிரிண்டர் மையின் வாசனை. அதற்கடியில் ஊறிய சுவரின் வாசனை.

வேளச்சேரி வெள்ளத்தில் ஆட்களை ஏற்றிவரப் படகோடு போன தம்பி டில்லிபாபு திரும்பவில்லை. படகு மட்டும் கிடைத்தது. கயல் இன்னும் அழவில்லை.

அம்மாசி மாமா கூடவே வந்திருந்தார்.

"போஸ்டர்ல கண்ணீர் அஞ்சலின்னே போட்டுடு கயலு. இன்னும் எத்தினி நாளு பாத்துக்கினு இருப்ப?"

காணவில்லை என்றுதான் போட வேண்டும் என்பது அம்மாவின் பிடிவாதம். படம் ஒன்றுதான். கீழே எந்தச் சொல் வருவது என்பதில்தான் தம்பி இருக்கிறானா இல்லையா என்பது இருந்தது.

கயல் 'காணவில்லை' என்று அடித்தாள்.

"பெரிய மிஷினு படுத்துக்கிச்சும்மா," என்றார் கடைக்காரர் சிதம்பரநாதன். "ஆறு ஷீட்டா பிரிச்சி சின்னதுல அடி. ஒட்டிக்கலாம். மூஞ்சில மட்டும் கோடு வுழாம பாத்துக்க."

குறுக்கே மூன்று, நெடுக்கே இரண்டு. கயல் எண்களைக் கொடுத்ததும் திரையில் கோடுகள் விழுந்தன. படம் ஆறு சம துண்டுகளானது. மேல் வரிசையின் நடுத்துண்டில் தம்பியின் முகம் முழுசாக அடங்கியது. கீழ்க்கோடு அவன் கழுத்தைக் கடந்து போனது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனசு மரக்கட்டையாகக் கிடந்தது.

ஷீட்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மேஜையில் வரிசையாக அடுக்கினாள்.

"இன்னாம்மா, கண்ண மூடிக்கினு கீற போட்டோவா கெடச்சுது?" என்றார் சிதம்பரநாதன்.

கயல் குனிந்து பார்த்தாள்.

திரையில் தம்பி சிரித்துக்கொண்டு நேரே பார்த்தான். ஷீட்டில் அவன் இமைகள் மூடியிருந்தன.

"அவனே சொல்லிட்டான்," என்று மாமா முணுமுணுத்தார். "போட்டுடும்மா."

கயல் சொல்லை மாற்றினாள். கண்ணீர் அஞ்சலி. மாறியது கீழ் வரிசை மட்டுமே. அந்த மூன்று துண்டுகளை மட்டும் அச்சிட்டு எடுத்துவந்து, மை காய்ந்து கிடந்த மேல் வரிசைக்குக் கீழே விளிம்போடு விளிம்பு சேர்த்தாள்.

முகம் இருந்த ஷீட்டை யாரும் தொடவில்லை.

கண்கள் திறந்திருந்தன.

மாமா பின்னால் நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டார். வெள்ளச் சேற்றின் நாற்றம் மெல்ல எழுந்தது.

அந்த நேரம் பார்த்து அம்மா தாயம்மா உள்ளே வந்தாள். மேஜையைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள்.

"முழிச்சிக்கினு கீறவனுக்கு இன்னாத்துக்குடி அஞ்சலி?"

நடுத்துண்டை மட்டும் உருவி மார்போடு அணைத்துக்கொண்டு போய்விட்டாள்.

"இன்னொண்ணு அடிக்கலாம்னா கறுப்பு மை தீந்துபோச்சு," என்றார் சிதம்பரநாதன். "காலைல வந்துரும்."

மாமா மீதி ஐந்தையும் தெருமுனைச் சுவரில் ஒட்டினார். முகத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்.

காலையில் புது ஷீட்டோடும் பசையோடும் கயல் தெருமுனைக்குப் போனாள். வெயில் சுள்ளென்று அடித்தது. பைக்கை நிறுத்திவிட்டு ஒருவன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதான் ஒட்டிட்டீங்களேக்கா, அப்புறம் இன்னா கையில?"

போன் அடித்தது. அம்மா.

"தலமாட்டுல வெச்சினு படுத்தேன்டி," என்றாள் தாயம்மா. "வெறும் வெள்ளத் தாளா கீதுடி கயலு."

கயல் சுவரைப் பார்த்தாள். சுவர் முழுக்கக் காய்ந்திருந்தது. முகத்துக்கு விட்ட இடத்தில் மட்டும் ஈரம். அந்த ஈரத்தில் நெற்றி, மூக்கு, மூடிய இமைகள்.

ஈரத்தின் நான்கு ஓரங்களும் நேர்க்கோடாக இருந்தன. கையிலிருந்த ஷீட்டை விரித்து மேலே வைத்துப் பார்த்தாள்.

அளவு சரியாக இருந்தது.