ஒரு சலாமும் ஒரு அத்தாவும்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாசலில் நின்ற பெண்ணுக்குப் பதினாறு வயது இருக்கும். முக்காட்டின் நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றாள்.

"தயாளினி மிஸ்ஸா? நான் றிப்கா. நளீம் ஹோட்டல்... அவங்கட மகள்."

மாத்தளை டவுனில் அந்த வாரம் அந்தப் பெயரை அறியாதவர் இல்லை. ஐந்து நாட்களுக்கு முன் ஒரு குரல்பதிவு வாட்ஸ்அப்பில் பரவியது. மேலே நளீமின் சாப்பாட்டுக் கடைப் படம், கீழே சிங்கள மொழிபெயர்ப்பு. சாப்பாட்டில் மருந்து கலந்துவிட்டதாகத் தமிழில் ஒரு தடித்த குரல் சொன்னது. அன்று மாலையே கடையின் கண்ணாடி நொறுங்கியது. திங்கட்கிழமை நளீம் நீதிமன்றத்தில் நிற்க வேண்டும்.

தயாளினி நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், மாத்தளைக்கு மாற்றலாகி வந்து பதினொரு வருடம். அவரைத் தினமும் ஏற்றிப்போகும் த்ரீவீல்காரர் இந்திரகுமார், முன்சில்லைக் கழுவுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்.

"உள்ளுக்கு வாரும் பிள்ளை. என்ன பயம்?"

"பொலிஸ்ல ஒப்பிட்டுப் பாக்க வாப்பாட குரல் மாதிரியொண்டு கேட்டாங்க. வாப்பா குடுக்க மாட்டேண்டுட்டாங்க. வாயே தொறக்கல்ல மிஸ். இப்பிடியே ஈந்தா திங்கக்கெழம உள்ளுக்குப் போட்டுருவாங்கண்டு லோயர் செல்றார்."

"குத்தம் இல்லாதவரு குரல குடுக்க ஏன்க்கா பயப்படணும்?" இந்திரகுமார் நனைந்த கையோடு வந்து நின்றார்.

"பொறும் இந்திரகுமார். பிள்ளை, அதைப் போடும்."

றிப்காவின் கைபேசியிலிருந்து அந்தக் குரல் வந்தது:

"அஸ்ஸலாமு அலைக்கும் பாய். வா... அத்தா சொன்னபடி மருந்தக் கலந்துட்டேன். இனிமே தின்னவன் எந்திரிக்க மாட்டான்!"

அதன்பின் யாரோ மூச்சை இழுத்ததுபோல ஒரு துளிச் சத்தம். பதிவு அங்கேயே அறுந்தது. தயாளினி மூன்று முறை போடச் சொன்னார்.

மூன்றாவது முறை இந்திரகுமார் துள்ளினார். "அக்கா! அப்பாவ 'அத்தா'ன்னு இங்க எந்த முஸ்லிம் ஆளு சொல்லுது? நம்ம ஊர்ல வாப்பாதான். பாய்னும் கூப்பிட மாட்டாங்க, 'நானா'ன்னுதான். இதெல்லாம் இந்தியப் படத்துப் பேச்சு. பேசினவன் முஸ்லிமே இல்ல. கேஸ் முடிஞ்சிச்சு, டீ போடுங்க!"

றிப்காவின் முகம் மலர்ந்தது. "அதத்தான் மிஸ், நீங்க கோர்ட்ல செல்லணும். பேசினது முஸ்லிம் இல்லண்டு. அது போதும்."

"சிங்கள ஆக்கள் எழுத்தைத்தான் வாசிச்சவை. தமிழாக்கள் அஞ்சு நாளாக் கேக்கினம். ஒருத்தருக்கும் ஏன் பிடிபடேல்லை?" என்று கேட்டார் தயாளினி.

இந்திரகுமாரின் குரல் இறங்கியது. "படத்துல பாய் அப்பிடித்தானேக்கா பேசுவாரு. மொதல்ல கேட்டப்ப எனக்கும் பொருத்தமாத்தான் இருந்திச்சு." ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "டீவில எங்க தேயிலைத் தோட்டத்து ஆளுன்னா தண்ணியப் போட்டுட்டு ஆடுறவன். எங்கப்பா ஒரு சொட்டு குடிச்சதில்ல. அதுக்கு எனக்குக் கோவம் வரும். இதுக்கு வரல," என்றார்.

றிப்காவின் கைபேசி அடித்தது. "அஸ்ஸலாமு அலைக்கும், உம்மா. ஓ... இப்ப வந்துர்றேன்."

தயாளினி நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"எந்தப் பள்ளிக்கூடம் பிள்ளை? பெண்கள் பாடசாலையோ?"

"ஓ மிஸ்."

"தமிழ் படிப்பிக்கிறது ஆர்?"

றிப்கா முக்காட்டின் நுனியை மீண்டும் விரலில் சுற்றினாள். "ரஜனி டீச்சர்."

அவள் போனபின் இந்திரகுமார் கேட்டார்: "திங்கக்கெழம முஸ்லிம் இல்லன்னு சொல்லிருவீங்கதானே?"

"சொல்ல ஏலாது. நீர் அத்தாவைக் கேட்டீர். சலாமைக் கேட்டீரோ?"

*

ஞாயிறு பின்னேரம், பூட்டிய ஹோட்டலுக்குப் பின்னால் இருந்த வீட்டில் நால்வர் உட்கார்ந்திருந்தார்கள். நளீம் சுவரைப் பார்த்தபடி இருந்தார். அவருடைய நாற்காலிக்குப் பின்னால் றிப்கா நின்றாள். இந்திரகுமார் த்ரீவீலில் கூட்டிவந்த ரஜனி டீச்சர் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"என்னை எதுக்குங்க கூப்பிட்டீங்க?"

"ஒரு புதிர் இருக்கு டீச்சர்," என்றார் தயாளினி. "அந்தக் குரலில அத்தா, பாய் எண்டு வாறதெல்லாம் வெளியாளின்ர சொல். ஆனால் சலாம் வீட்டு ஆளின்ரை. 'அலைக்கும்' எண்டதில முதல் எழுத்து அடித்தொண்டையில இருந்து வருது. சின்ன வயசில ஓதிப் பழகின நாக்குக்குத்தான் அது வரும். படம் பாத்து நடிக்கிறவருக்கு வராது."

"அப்ப முஸ்லிம்தானாக்கா?" என்றார் இந்திரகுமார்.

"ஓம். ஒரு முஸ்லிம் தன்ர வாயில வராத சொல்லைச் சொல்லியிருக்கிறார். ஆரோ எழுதிக் குடுத்தால்தான் அப்பிடி நடக்கும். இன்னொண்டு. 'வா' எண்டு ஆரையும் கூப்பிடேல்லை. வாப்பா எண்டு வாய் தானாத் துவங்கினது. பாதியில நிப்பாட்டி அத்தா எண்டு மாத்தினது. அப்ப, முதலே திருத்தினவர் ஒருத்தர் முன்னுக்கு நிண்டிருக்க வேணும்."

ரஜனி டீச்சரின் கைப்பை மடியிலிருந்து நழுவியது.

"கடைசியில ஒரு மூச்சுக் கேக்குது. அது சிரிப்புத் துவங்குற சத்தம். சாப்பாட்டில மருந்து கலந்ததைக் கேட்டு ஆர் சிரிப்பினம்? நாடகம் பாக்கிறவை சிரிப்பினம். பெண்கள் பாடசாலை நாடகத்தில ஆம்பிளை வேசத்தையும் பிள்ளைகள்தான் போடுவினம், குரலைத் தடிப்பாக்கி. அதே சலாமை நேற்று என்ர வீட்டில றிப்காவின்ர வாயால கேட்டனான்."

றிப்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"தமிழ்த் தினப் போட்டிக்குங்க," என்றார் ரஜனி டீச்சர், விழுந்த பையை எடுக்காமல். "எலித் தொல்லைன்னு ஒரு பகிடி நாடகம். கடைக்காரர் எலிக்கு மருந்து வைக்கிறாரு. அடுத்த வரி 'அந்த எலிப்பய'ன்னு வரும். அதுக்குத்தான் பிள்ளைங்க சிரிச்சாங்க. அத யாரோ வெட்டிட்டாங்க."

"கடைக்காரர் ஏன் பாய்?"

"நாடகம்னா ஒரு பாய் வந்தா சிரிப்பாங்கதானே..."

"றிப்காவுக்கு ஏன் அந்த வேசம்?"

"கிளாஸ்ல அவதான் முஸ்லிம். அவ வாப்பான்னுதான் சொன்னா. நாந்தான், அப்பிடி இல்ல, பாய் மாதிரி பேசுன்னு திருத்தினேன்."

"நெசமான முஸ்லிம் புள்ளைக்கு முஸ்லிமாப் பேசப் பழக்கினீங்களா டீச்சர்?" இந்திரகுமார் கேட்டார்.

ரஜனி டீச்சர் அழத் தொடங்கினார். "கேட்டுப் பழகட்டும்னு கிளாஸ் குரூப்ல போட்டேங்க. 'நளீம் முதலாளி மகள், பாய் வேசத்தில'ன்னு எழுதினேன். கை மாறி மாறி மகளும் போச்சு, வேசமும் போச்சு. நளீம் மட்டும் மிஞ்சிட்டாரு."

"இத்தனை நாளா ஏன் பேசாமல் இருந்தனீங்கள்?"

"வேலை போயிடும்னு பயந்துட்டேங்க."

"நானும் பயந்துட்டேன்," என்றாள் றிப்கா. "என்ட குரல்தாண்டு தெரிஞ்சா வாப்பா என்னப் பத்தி என்ன நெனப்பாங்கண்டு. மிஸ் முஸ்லிம் இல்லண்டு சென்னா, யாருக்கும் தெரியாம முடிஞ்சிருமேண்டுதான் வந்தேன்."

தயாளினி நளீமின் பக்கம் திரும்பினார். "நீங்கள் குரல் குடுத்திருந்தால் உங்கட குரல் இல்லையெண்டு அண்டைக்கே தெரிஞ்சிருக்கும். ஆனால் அடுத்ததா, அப்ப ஆற்ற குரல் எண்டு கேப்பினம். அதுக்குத்தானே வாய் திறக்கேல்லை?"

ஆறு நாட்களில் முதல் தடவையாக நளீம் பேசினார். "மொதல் தரம் கேக்கக்குள்ளயே தெரியும் மிஸ். என்ட புள்ளட சலாம் எனக்கு வெளங்காதா?"

ரஜனி டீச்சர் சொன்னதைத் தயாளினி தமிழிலும் சிங்களத்திலும் எழுதினார். நாடகப் பிரதியும் முழுப் பதிவும் டீச்சரின் கைபேசியில் இருந்தன. டீச்சர் இரண்டு தாள்களிலும் கையெழுத்து வைத்தார்.

"இது போதும் முதலாளி. நாளைக்கு உங்கள உள்ள வைக்க முடியாது," என்று இந்திரகுமார் நளீமின் தோளைத் தொட்டார். அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

"வாப்பா," என்றாள் றிப்கா. "தெரிஞ்சா ஏன் என்னக் கேக்கல்ல? கேட்டிருந்தா நாடகம்டு அப்பவே செல்லியிருப்பேனே."

நளீம் தன் கைகளைப் பார்த்தபடி சொன்னார்.

"கேக்கப் பயமா ஈந்திச்சு மகள். நீ ஏன் அப்பிடிச் சென்னேண்டு... என்ன பதில் வருமோண்டு."

நாற்காலியிலிருந்து றிப்காவின் கை விலகியது.

"நீங்களுமா நம்பினீங்க வாப்பா?"

நளீம் எழுந்து மகளின் தலையைத் தொடக் கையை நீட்டினார். றிப்கா ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.